மத்தியானக்காரர்

குடிநீர் அலுவலகத்தின் குழாய் அடைப்புப் புகார்ப் பிரிவில் பத்தொன்பது வருடம் எழுத்தராகக் குப்பை கொட்டியவருக்கு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, தான் தான்தான் என்று நிரூபிக்க வேண்டிய வேலை வந்து சேர்ந்தது. அதுவரை அவரிடம் யாரும் அப்படி ஒரு ஆதாரம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வள்ளென்று விழுந்திருப்பார். மனிதர் சுபாவம் அப்படி.

வாசலில் புதிதாக ஒரு இயந்திரம் வைத்திருந்தார்கள். முகத்தைப் பார்க்கும், ஆள் யாரென்று கண்டுபிடிக்கும், ஊழியர் எண்ணைச் சொல்லும், கதவைத் திறக்கும். காலையில் அவரைப் பார்த்ததும் "நானூற்றுப் பதினேழு" என்று மரியாதையாகத்தான் சொன்னது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து நின்றால், "தெரியாத நபர்" என்றது. கதவு அசையவில்லை. எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், இயந்திரத்தையே ஒரு தட்டுத் தட்டியும் பார்த்தார். அதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிட்டது.

காரணம் அவருடைய வலது கன்னத்தில் இருந்தது. சாப்பிட உட்காரும்போது சாதாரணமாக இருந்த கன்னம், எழுந்திருக்கும்போது காதுக்கு முன்னால் திரண்டு, வாய்க்குள் ஒரு அவித்த முட்டையை அடக்கிக்கொண்ட மாதிரி உப்பியிருந்தது. நாலைந்து நாளாகவே இப்படித்தான். சாப்பிட்டால் வீங்கும், வலிக்கும், சாயங்காலம் தானாக வடிந்துவிடும். வடிந்துவிட்டதால் அவரும் அதைச் சட்டை செய்யவில்லை. அன்றைக்கு வீக்கம் கொஞ்சம் தாராளமாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

வாசல் காவலாளி நல்லவர், ஆனால் கையில் விதிமுறைத் தாள் வைத்திருந்த நல்லவர். தெரியாத நபர் தான் இங்கேதான் வேலை பார்ப்பதாகச் சாதித்தால், புதியவராகப் பதிந்து உள்ளே விடவும் என்று அதில் எழுதியிருந்தது. எழுத்தர் சாதித்தார். காவலாளி பச்சைப் பொத்தானை அழுத்தினார். இயந்திரம் உப்பிய முகத்தை மூன்று பக்கமும் படம் பிடித்துக்கொண்டு, "ஆயிரத்து இருநூற்று மூன்று, உள்ளே வரலாம்" என்றது. உள்ளே போனால் போதும் என்று அவரும் போய்விட்டார். அந்த ஒரு நிமிட அவசரம் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் இந்தக் கதை.

மூன்று வாரம் கழித்து நிர்வாக அதிகாரி கூப்பிட்டனுப்பினார். அவர் மேசையில் இரண்டு பட்டியல்கள் இருந்தன. முதல் பட்டியலின்படி 417 என்ற ஊழியர் தினமும் காலையில் வருகிறார், சாப்பாட்டு வேளையில் வெளியே போகிறார், அதோடு தலைமறைவு. இரண்டாவது பட்டியலின்படி 1203 என்ற புது ஊழியர் தினமும் இரண்டு மணிக்கு டாணென்று வருகிறார், ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை, லீவு இல்லை. ஒருவருக்குப் பணிநீக்க எச்சரிக்கை தயாராக இருந்தது. இன்னொருவருக்குப் பாராட்டுக் கடிதம் தயாராக இருந்தது.

எழுத்தர் கொதித்துப் போய், இரண்டும் நான்தான் என்று தொண்டை கிழியக் கத்தினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். பூனை குறுக்கே போனால்கூட எந்தப் பிரிவுப் பூனை என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார், அவ்வளவுதான்.

"நீங்க நீங்கதான்னு எனக்குத் தெரியாதா? பத்தொன்பது வருஷமாப் பார்க்கிறேன். ஆனா எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? பதிவுக்குத் தெரியணுமே. மாசக் கடைசிக்குள்ள ஒரு டாக்டர் சான்று கொண்டு வாங்க. இல்லைன்னா காலையில வர்றவரை நிறுத்துறதைத் தவிர வேற வழி இல்லை."

காலையில் வருகிறவருக்குத்தான் பத்தொன்பது வருட சர்வீஸ் இருந்தது. மத்தியானம் வருகிறவர் மூன்று வாரத்துக் குழந்தை, தகுதிகாண் பருவத்தில் இருந்தார்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த மூன்று வாரத்தில் மத்தியானம் வருகிறவருக்கு நல்ல பெயர் கிடைத்துவிட்டது. வாயைத் திறந்தால் கன்னம் வலிக்குமே, அதனால் எழுத்தர் இரண்டு மணிக்கு மேல் பேசுவதில்லை. போனில் யாராவது சமையலறைக் குழாய் மூன்று நாளாக அடைத்துக்கொண்டிருக்கிறது என்று ஆரம்பித்தால், காலையில் என்றால் "உங்க வீட்டுக் குழாய்க்குள்ள நானா போய் உட்கார்ந்திருக்கேன்?" என்பார். மத்தியானம் "ம்" என்பார். இன்னும் கொஞ்சம் அழுதால் இன்னொரு "ம்". அவ்வளவுதான். எதிர்முனையில் இருப்பவர்கள் குழாயில் தொடங்கி, மாமியார், மருமகள், முழங்கால் வலி வரைக்கும் கொட்டித் தீர்த்துவிட்டு, மனசு லேசானது என்று நன்றி சொல்லிப் போனை வைத்தார்கள். காலையில் ஒரு சிடுமூஞ்சி எடுக்கிறது, மத்தியானம் எடுக்கிறவர் தங்கமான மனுஷன் என்று கடிதம் எழுதினார்கள். சக ஊழியர்களும் பெயர் வைத்துவிட்டார்கள், மத்தியானக்காரர் என்று. உப்பிய கன்னத்தோடு அவர் நடந்து வந்தால் ஒரு பெரிய மனிதக் களை இருந்ததாம். ஜன்னலோர நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்தார்கள். காலையில் அதே நாற்காலியில் உட்காரப் போனால், அது மத்தியானக்காரருடையது என்று எழுப்பிவிட்டார்கள்.

போதாக்குறைக்கு, 417 ஏன் மத்தியானங்களில் காணாமல் போகிறார் என்று விசாரித்து எழுதும் வேலையை, பொறுப்பானவர் என்று 1203-இடமே ஒப்படைத்தார்கள். எழுத்தர் மத்தியானம் கேள்வி எழுதிவைத்தார், மறுநாள் காலை பதில் எழுதினார். மத்தியானம் அந்தப் பதிலைப் படித்துப் பார்த்தால் அவருக்கே நம்பிக்கை வரவில்லை. திமிர் பிடித்த பதிலாக இருந்தது.

வீட்டில் மனைவிக்கு விஷயம் இரண்டு வரியில் தெரிந்தது. அதற்குமேல் கேட்டால் எரிந்து விழுவார் என்று அவளும் கேட்கவில்லை. இருபது வருடக் குடித்தனத்தில் அவள் கற்றுக்கொண்ட பாடம் அது. ராத்திரி வீக்கத்துக்குப் பயந்து சூப்பைக் குடித்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். ஆனால் பக்கத்துத் தெரு மருத்துவர், எச்சில் சுரப்பியில் கல்லாகவும் இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம், ஸ்கேன் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்ற அன்றைக்கு அவள் சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். "கட்டி கிட்டின்னு எதுவும் இருக்காதுங்க" என்று நாலு தடவை சொன்னாள். அவர், நீ என்ன டாக்டரா என்றார்.

ஸ்கேன் எடுக்கப் போவது ஒரு தனிக் கூத்தாக இருந்தது. முதல் தடவை காலை பத்து மணிக்கு நேரம் கொடுத்தார்கள். கன்னம் பலகை போலத் தட்டையாக இருந்தது. ஸ்கேன் டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. இரண்டு பக்கமும் தேய்த்துப் பார்த்துவிட்டு, இப்போதைக்குப் பெரிதாக ஒன்றும் பிடிபடவில்லை, வீங்கும்போது வாருங்கள் என்றார். இரண்டாவது தடவை வீங்கிக்கொண்டே ஓடினார். வரவேற்பில் அடையாள அட்டை கேட்டார்கள். அட்டையில் இருந்த முகத்தையும் கழுத்துக்கு மேல் இருந்த முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்த பெண், இவர் வரவில்லையா என்று கேட்டாள். அதை விளக்கி, வரிசையில் உட்கார்ந்து, முறை வருவதற்குள் வீக்கம் வடிந்துவிட்டது. மாசக் கடைசிக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

மூன்றாவது தடவை நிர்வாக அதிகாரியே கூட வந்தார், சாட்சிக்கு. வெளியூர் வேலைக்காக வைத்திருந்த, முகம் பார்க்கும் சின்ன இயந்திரத்தையும் ஒரு தோள்பையில் போட்டு எடுத்து வந்தார். டாக்டரிடம் நிலைமையை விளக்கினார். டாக்டர் அவரையும் பார்த்தார், எழுத்தரையும் பார்த்தார், தோள்பையையும் பார்த்தார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டார்.

சின்ன அறை, குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னல் இல்லை. எழுத்தரைக் கட்டிலில் படுக்கவைத்து, சட்டைக் காலருக்குள் ஒரு காகிதத் துண்டைச் செருகினார்கள். அதிகாரி இயந்திரத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். "நானூற்றுப் பதினேழு" என்றது. அதிகாரி நேரத்தோடு குறித்துக்கொண்டார். டாக்டர் இடது கன்னத்தில் ஜில்லென்று ஜெல்லைத் தடவி, சோப்புக்கட்டி அளவில் இருந்த கருவியை வைத்து நகர்த்தினார்.

நோவு வலது பக்கம் என்று எழுத்தர் எரிச்சலோடு சொன்னார். தெரியும், நன்றாக இருக்கிற பக்கத்தை முதலில் பார்த்தால்தான் மற்றது எப்படி இருக்க வேண்டும் என்று தெரியும் என்றார் டாக்டர். திரையில் இடது சுரப்பி மாவு சலித்துப் பரப்பிய மாதிரி ஒரே சீரான சாம்பல் நிறத்தில் கிடந்தது. வலது பக்கமும் ஏறக்குறைய அப்படித்தான். டாக்டர் இழுப்பறையைத் திறந்து ஒரு மூடி போட்ட டப்பாவை எடுத்தார். உள்ளே எலுமிச்சம்பழத்தை நாலாக நறுக்கி வைத்திருந்தது.

"இதை வாயில அடக்கிக்கிட்டு சப்புங்க. முழுங்க வேண்டாம். எச்சில் ஊறட்டும். ஊறுறது வெளியே வர வழி இருந்தா வந்துடும். இல்லைன்னா எங்கே முட்டிக்கிட்டு நிக்குதுன்னு அதுவே காட்டிக்கொடுக்கும்."

எழுத்தர் சப்பினார். முகம் அஷ்டகோணலாயிற்று. பக்கத்தில் நின்ற அதிகாரி அதைப் பார்த்ததும் சத்தமாக எச்சில் விழுங்கினார். மறுபடியும் விழுங்கினார். மூன்றாவது தடவை கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டார். டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சார், உங்க சுரப்பியில ஒரு கோளாறும் இல்லை. வேணும்னா அப்படியே எழுதித் தர்றேன்" என்றார்.

இதற்குள் திரையில் மாற்றம் தெரிந்தது. சாம்பல் பரப்பின் நடுவில் மயிரிழையாக ஒரு கறுப்புக் கோடு தோன்றி, நூலாகி, பென்சிலாகி, குழாயாக அகன்றது. கன்னத்துக்குள் ஓடும் எச்சில் குழாய் அது. கடைவாய்ப் பல்லுக்கு எதிரே வாய்க்குள் திறக்க வேண்டியது. திறக்குமிடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வெள்ளையாகப் பளிச்சென்று ஒரு வளைவு நின்றது. அதற்குக் கீழே கறுப்பாக ஒரு நிழல் விழுந்தது. டாக்டர் அதன் மேல் குறிவைத்து அளந்தார், ஐந்து மில்லிமீட்டர். கல்தான். ஒலி அதைத் தாண்டிப் போக முடியாமல் திரும்புவதால்தான் பின்னால் நிழல் விழுகிறது என்றார். பிறகு திரையில் வண்ணத்தைப் போட்டு ரத்த ஓட்டத்தைப் பார்த்தார். சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. கட்டி எதுவும் இல்லை என்று தெளிவாகச் சொன்னார்.

இத்தனை நாளும் கட்டியை நினைத்துப் பயந்தது தானும்தான் என்று அப்போதுதான் எழுத்தருக்கே தெரிந்தது. ஆனாலும் திரையைப் பார்த்ததும் தொழில் புத்தி முந்திக்கொண்டது. எலுமிச்சம்பழத்தோடு குழறினார். "குழாய் அடைப்பு."

"அதேதான்" என்றார் டாக்டர்.

"எத்தனை நாளா புகார் இருக்கு?"

"அது நீங்கதான் சொல்லணும்."

கன்னம் முட்டையாகத் திரண்டிருந்தது. அதிகாரி ஜெல்லைத் துடைக்கச் சொல்லிவிட்டு இயந்திரத்தைப் பிடித்தார். அது ஒரு வினாடி தயங்கி, "ஆயிரத்து இருநூற்று மூன்று" என்றது. அதிகாரி கதவைப் போய்ப் பார்த்தார், உள்ளே தாழ் போட்டபடி இருந்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு நின்றபடியே எழுதினார்: அறைக்குள் வந்தது 417. அறைக்குள் இருப்பது 1203. இடையில் எவரும் வரவில்லை, எவரும் போகவில்லை. எழுதியதைத் திரும்பப் படித்தபோது அவருக்கே முதுகு சிலிர்த்தது.

அறிக்கையின் கடைசியில் டாக்டர் ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. படம் பார்த்து அறிக்கை எழுத ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி ஒரு வரி அவர் எழுதியதில்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டே எழுதினார்: மேற்கண்ட இரு முகங்களும் ஒரே சுரப்பியின் இரு நிலைகளே, ஆசாமி ஒருவரே.

வேலை பிழைத்தது. பணிநீக்கக் கடிதத்தைக் குறுக்கே கோடு போட்டு ரத்து செய்தார்கள். எழுத்தர் நிம்மதியாக மூச்சு விட்டார், அதிகாரி விடவில்லை. ஸ்கேன் மையத்திலிருந்து திரும்பும்போதே மெதுவாகச் சொன்னார். பிரிவுத் தலைவர் பதவி காலியாகிறது, மேலிடத்தில் மத்தியானக்காரர் பெயர்தான் அடிபடுகிறது, கல்லை அவசரப்பட்டு எடுக்காமல் இருந்தால் நல்லதாயிருக்குமே என்றார். காலைக்காரர் பெயர் அடிபடுமா என்று எழுத்தர் கேட்டார். அதிகாரி பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

அன்றைக்கு முழுதும் எழுத்தர் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். ஐந்து மில்லிமீட்டர் கல்லுக்கு இருக்கிற மதிப்பு தனக்கு இல்லையே என்று நெஞ்சு எரிந்தது. ஆனால் வலி வலிதானே. பதவிக்காகச் சாப்பாட்டுக்குப் பயந்து சாக முடியுமா? அடுத்த வாரம் மரத்துப்போகிற ஊசி போட்டு, கன்னத்தின் உட்புறம் சின்னதாகக் கீறி, கல்லை எடுத்துவிட்டார்கள். மறுபடியும் அதே ஸ்கேன் டாக்டர், அதே எலுமிச்சை. கறுப்புக் குழாய் அகலவே இல்லை. எச்சில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்கு இயந்திரம் "நானூற்றுப் பதினேழு" என்றது. கதவு திறந்தது.

ஆனால் பதிவில் 1203 இன்னும் உயிரோடு இருந்தார், வேலைக்குத்தான் வரவில்லை. இயந்திரத்தில் ஆளை அழிக்க வழி இல்லையாம். விடைபெற்றார் என்று வேண்டுமானால் போடலாம், அதற்குப் பிரிவு உபசாரக் கூட்டத்தின் படமும் பேச்சுக் குறிப்பும் இணைக்க வேண்டும். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டம் ஏற்பாடாயிற்று. மேடையில் மத்தியானக்காரருக்காக ஒரு காலி நாற்காலி. பக்கத்து நாற்காலியில் அவர் குடும்பம் உட்கார வேண்டுமாம். பதிவில் இருந்த முகவரிக்கு ஆள் போய், எழுத்தரின் மனைவியை மரியாதையாக அழைத்து வந்து உட்காரவைத்துவிட்டார்கள். எழுத்தருக்குக் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது.

ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். அவர் யார் பேச்சிலும் குறுக்கிட்டதில்லை என்றார் ஒருவர். தன் அப்பா படுக்கையில் விழுந்ததை இந்த அலுவலகத்தில் அவர் ஒருவரிடம்தான் சொன்னதாகவும், முழுசாகக் கேட்டுவிட்டுத் தோளில் கை வைத்ததாகவும் தட்டச்சுப் பெண்மணி சொன்னார், சொல்லும்போதே அழுதார். அந்தக் கை தன் கைதான் என்று எழுத்தருக்கு ஞாபகம் இருந்தது. பேச முடியாமல்தான் தோளில் வைத்தார். ஆனாலும் வைத்தது அவர்தானே. மேடையில் மனைவி ஒவ்வொரு பேச்சையும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றார். கண்ணில் நீர் முட்டியது.

"அவரு நான்தாங்க" என்றார்.

கூடமே திரும்பி அவரைப் பார்த்தது. அப்புறம் ஒருவர் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நிர்வாக அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிரிந்து போனவரைப் பற்றி இதைவிட அழகாக யாரும் பேசி அவர் கேட்டதில்லையாம். பேச்சுக் குறிப்பில் அந்த வரியை முதலில் போடச் சொன்னார்.

கூட்டம் கலைந்து இருவரும் நடந்தே வீடு திரும்பினார்கள். மனைவி கையில் மத்தியானக்காரருக்குக் கொடுத்த பூங்கொத்து இருந்தது. கடைத்தெருவைத் தாண்டும்வரை அவள் அதை முகர்ந்துகொண்டே வந்தாள். அப்புறம் சொன்னாள்.

"ரொம்ப நல்ல மனுஷனா இருந்திருக்காருங்க. எனக்குத்தான் அறிமுகம் இல்லாமப் போச்சு."

ஏன், எனக்கு என்ன குறைச்சல் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கன்னத்தில் வலி இல்லை, வீக்கம் இல்லை, அவரைத் தடுக்க ஒரு மணல் அளவு கல்கூட இல்லை. தானாகத்தான் அதை விழுங்க வேண்டியிருந்தது. சிரமமாகத்தான் இருந்தது, விழுங்கினார்.

அவர் பேசாமல் வருவதைப் பார்த்து அவள் நின்றுவிட்டாள். பயந்துபோய் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க, மறுபடியும் வலிக்குதா?"

"இல்லை" என்றார். "நீ சொல்லு."